களிமண் வைத்து அடைத்த வாசல்

சேகர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் நண்பர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தபோதே நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் எல்லோரும் மெட்ராஸுக்கு ரயிலேறிப் போன பிறகு இப்படித் தாளில் எழுதுகிறேன். நேரில் பேச தைரியம் இல்லாதவள் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைத்தால் அது சரிதான். இதை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடக் கூடாது. உன்னோடு சேர்ந்து தாம்பரம் பக்கம் வீடு கட்டப் போகிற பன்னிரண்டு குடும்பமும் படிக்க வேண்டும். தை மாதம் உன் கையைப் பிடிக்கப் போகிற பெண்ணும் படிக்க வேண்டும். அவள் மாமியாரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது இதுவாக இருப்பதில் எனக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று நீ அவர்களுக்கு நம் காம்பவுண்டைச் சுற்றிக் காட்டினாய். சுட்ட செங்கல் ஒன்றுகூட இல்லாமல் அப்பா எழுப்பிய சுவர்களைத் தட்டிக் காட்டினாய். வெயில் காலத்திலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கிற தளத்தைக் காட்டினாய். அதுவரை உன் குரலில் பெருமைதான் இருந்தது. பிறகு நடு அறைக்கு வந்தாய். சுவரில் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கும் அந்தக் கதவளவுக் கட்டத்தின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "இங்கதான் எங்கப்பா கோட்டை விட்டுட்டார். ரூமு கைமாறும், இன்னைக்கு ஒரு வீட்டுக்கு, நாளைக்கு பக்கத்து வீட்டுக்குன்னு நெனச்சார். மனுஷங்க அப்படி இருக்க மாட்டாங்க. நாங்க அந்தத் தப்பைப் பண்ணப் போறதில்ல. யார் ரூம் யாருக்குன்னு முதல்லயே பத்திரத்துல போட்டு அடைச்சிடுவோம்" என்றாய். கண்ணாடி போட்ட உன் நண்பர் அப்பாவைப் பார்த்து, "அப்படியா சார்?" என்று கேட்டார். அப்பா எப்போதும் போலச் சிரித்தார். "ஆமாப்பா. அது சரியா வரல. என் கணக்குல எங்கயோ ஒரு தப்பு" என்றார். நான் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்தேன். அப்பா கணக்கில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் அது தெரிந்தவள் அன்று நான் ஒருத்திதான். நான் தட்டை நீட்டி, "சர்க்கரை போதுமான்னு பாருங்க தம்பி" என்று சொன்னேன்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ வளர்ந்தது இந்த இடத்தில் என்பதால் இது எப்படி வந்தது என்று நீ யோசித்திருக்க மாட்டாய். நான் வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில் அடையவளைஞ்சான் தெருவில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில். ஒரே நீளமான வீட்டுக்குள் எட்டுக் குடும்பம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ். எங்கள் பங்குக்கு ஒரே அறை. அதில் ஆறு பேர். பள்ளிக்கூடப் பாடத்தை நான் அரிசி மூட்டையின் மேல் நோட்டை வைத்து எழுதினேன். யாராவது சோறு வைக்க அரிசி எடுக்க வந்தால் எழுந்துகொள்ள வேண்டும். கல்யாணமான பிறகு உன் அப்பாவும் அதே தெருவில் அதே மாதிரி ஒரு போர்ஷனில்தான் என்னைக் குடிவைத்தார். அங்கே எங்களுக்கு இடப்பக்கம் பிள்ளை இல்லாத தம்பதி இரண்டு அறையில் இருந்தார்கள். வலப்பக்கம் ஒன்பது பேர் ஒரு அறையில். நடுவில் ஒன்றரை அடிச் சுவர். டிராயிங் ஆபீஸில் வேலை பார்க்கிற அப்பா தினமும் சாப்பிடும்போது அந்தச் சுவரையே பார்ப்பார். "இங்க இடம் இல்லாம இல்ல. இடம் தப்பான பக்கத்துல மாட்டிக்கிட்டிருக்கு" என்பார். நான் அப்போதெல்லாம் அவரைக் கேலி செய்வேன்.

அப்படி அவர் தலையில் பிறந்ததுதான் இது. ஆபீஸிலும் வெளியிலும் பழக்கமான பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, திருவானைக்காவலில் காவிரிக்குப் போகிற வழியில் ஒரு வாழைக்கொல்லையை வாங்கினோம். எழுபதுகளின் தொடக்கம். சிமென்ட்டுக்குப் பெர்மிட் வாங்கி வரிசையில் நிற்க வேண்டிய காலம். அதனால் தோண்டிய மண்ணையே சலித்து, கொஞ்சூண்டு சிமென்ட் கலந்து, கைப்பிரஸ்ஸில் அழுத்திக் கல் செய்தோம். நாங்களே செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் மண் சலிப்போம், ஆண்கள் பிரஸ்ஸின் கம்பியில் தொங்குவார்கள். உத்தரங்களைத் தரையிலேயே வார்த்துக் காயவைத்து, மேலே தூக்கி அடுக்கி, இடையில் ஓடு வைத்துத் தளம் போட்டோம். எல்லா அறையும் ஒரே அளவு. எல்லாக் கதவும் ஒரே அளவு, எந்த வீட்டுக் கதவும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். மழைத் தண்ணீர் முழுக்க ஒரு பொதுத் தொட்டிக்கு. சமையலறைத் தண்ணீர் பின்னால் விட்டுவைத்த வாழைகளுக்கு. கல்யாணம், காது குத்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஹால்.

இதெல்லாம் நீ உன் படங்களில் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாய். நீ விட்டுவிட்டது ஒன்றைத்தான். இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் அறைக்கு இரண்டு பக்கமும் வாசல் வைத்தார் அப்பா. ஒரு பக்கம் கதவு. மறுபக்கம் அதே கற்களைச் சிமென்ட் இல்லாமல் வெறும் களிமண் வைத்து அடுக்கி அடைத்தது. ஒரு குடும்பம் பெருத்து இன்னொன்று சுருங்கினால், ஒரு காலைப் பொழுதிலேயே இந்தப் பக்கத்துக் களிமண்ணை இடித்துத் திறந்து, அந்தப் பக்கத்தை அடைத்துவிடலாம். அறை வீடு மாறிவிடும். யாருக்கு வேண்டும் என்று ஹாலில் பேசி முடிவு செய்துகொள்வது. பணம் கூடாது. நம் வீட்டுக்கும் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கும் நடுவில் இருந்ததுதான் நடு அறை.

ஸ்டெல்லா அக்காவை உனக்குக் கொஞ்சமாவது நினைவிருக்கும். சீரியல் செட் போட்டு கிறிஸ்துமஸுக்கு ஹால் முழுவதும் நட்சத்திரம் கட்டுவாரே, அவர். பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, சாயங்காலம் திருவானைக்காவல் கடைத்தெருவில் ஒரு டாக்டருடைய கிளினிக்கில் உதவி. கணவர் சவரிமுத்து சார் ஸ்கூலில் கணக்கு வாத்தியார், அதிகம் பேசமாட்டார். முதலில் நடு அறை அவர்களுடையது. அவர்கள் மூத்த பையன் பாதிரியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்து போய்விட்ட மாதம் உன் தங்கை பிறந்தாள். நான் கேட்கவில்லை. அக்காவே கூட்டத்தில் எழுந்து, "எங்க வீட்ல ஒரு கட்டில் காலியாயிடுச்சு, டீச்சர் வீட்ல ஒரு தொட்டில் வந்திருக்கு. அப்புறம் என்ன?" என்று சொன்னார். அடுத்த நாள் காலையில் அவரே புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு கல் எடுத்துக் கொடுத்தார். நம் பக்கம் வாசல் திறந்ததும் அந்த அறையின் ஜன்னல் வழியாக வந்த காற்றை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜை போட்டேன். என் வாழ்க்கையில் எனக்கென்று வந்த முதல் மேஜை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பரீட்சைத் தாள் திருத்த, சாயங்காலம் பத்துப் பெண்களுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்க. யாரும் அரிசி எடுக்க வந்து என்னை எழுப்பமாட்டார்கள். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வேன். நீயும் தங்கையும் கதவைத் தட்டினால்கூட எரிச்சல் வரும். மெல்ல மெல்ல அது இரவல் வாங்கிய இடம் என்பது எனக்கு மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்று எழுதுவதுகூடப் பொய். மறக்க விரும்பினேன்.

நீ ஆறாவது படிக்கும்போது அக்காவின் பெண் பிலோமினா, புருஷன் வீட்டாரோடு மனஸ்தாபமாகி, நிறைமாத வயிற்றோடு வந்து சேர்ந்தாள். எப்போது திரும்பிப் போவாள் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் இரண்டே அறை, அதற்குள் சாரும், அக்காவும், படிக்கிற இரண்டு பையன்களும். அவள் சாமான்கள் தாழ்வாரத்தில் இறங்கியதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது அந்தப் பெண்ணைப் பற்றிய கவலை இல்லை. மேஜையைப் பற்றிய கவலை.

அந்த வாரம்தான் உனக்கு மூச்சு இழுப்பு வந்தது. உன்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் உன் முதுகில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "வயசானா சரியாப் போயிடும்மா, பயப்படாதீங்க. ஒண்ணு மட்டும். பையனத் தனியா படுக்க வைக்காதீங்க. இழுப்பு வந்தா பக்கத்துல யாராவது இருக்கணும்" என்றார். ஸ்டெல்லா அக்கா அந்த அறையிலேயே ஊசிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டு நின்றார். உனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கூட்டம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் கணக்கெழுதும் கணபதி அண்ணன்தான் அப்போது தலைவர். அவர் சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர், ஸ்டெல்லாம்மா பொண்ணு வந்திருக்கு. நடு ரூம அவங்க பக்கம் திருப்பிடலாமில்ல? நாளைக்கே வேணாலும் ஆள் கூடிச் செஞ்சிடலாம்" என்றார். சரி என்று நான் சொல்வேன் என்றுதான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கரண்டியும் மட்டப்பலகையும் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கக்கூட ஆரம்பித்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். "இல்லீங்க. சேகருக்கு இழுப்பு வந்திருக்கு. டாக்டர்கிட்ட காட்டினோம். தூசு ஆகாது, பையனுக்குத் தனி ரூம் கட்டாயம் வேணும்னு சொல்லிட்டார்" என்றேன். பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன்.

ஹாலில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அப்பா திரும்பி என்னைப் பார்த்து, "ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார். அந்த முகத்தில் உன்னைப் பற்றிய பயம்தான் இருந்தது, சந்தேகம் இல்லை. நான் அவரைப் பார்க்காமல் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் முடிந்தேன். அவர் எழுந்தார். "புள்ள உடம்புதான் முக்கியம். இருக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, மாதா படம் போட்ட தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பொய் சொன்னதோடு அது நிற்கவில்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சாக்பீஸ் தூசு உனக்கு ஆகாது என்று டியூஷனை வராந்தாவுக்கு மாற்றினேன். மேஜையை வெளியே எடுத்துவிட்டு உன் கட்டிலைப் போட்டேன். எதற்காகப் பொய் சொன்னேனோ அது அந்த வாரமே என் கையை விட்டுப் போய்விட்டது. நீ தனியாகப் படுக்க மாட்டேன் என்று அழுதாய். "பெரிய பையன், பயப்படக் கூடாது" என்று அதட்டினேன். எதைச் செய்யாதே என்று டாக்டர் சொன்னாரோ அதையே உனக்குச் செய்தேன் சேகர். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். நான் எழுதுவதில் எனக்கு மிகவும் அருவருப்பாக இருக்கும் வரி இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை, 'சின்ன வயசுல எனக்கு உடம்பு சரியில்லன்னு அம்மா எனக்குத் தனி ரூம் வாங்கிக் கொடுத்தாங்க' என்று உன் நண்பர்களிடம் நீ சொன்னாய். இனிமேல் அதைச் சொல்லாதே.

பிலோமினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தாழ்வாரத்தில் கயிற்றில் புடவை கட்டி மறைத்து அதற்குள் இருந்தாள். ஐப்பசி மழை. சாரல் அடிக்கும்போது அக்கா சாக்கை எடுத்துத் தொங்கவிடுவார். நான் பள்ளிக்கூடம் போகவும் வரவும் அந்தப் புடவையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ஒரு நாள் அப்பா வெளியூர் வேலையாகப் போயிருந்தபோது ஒரு கொத்தனாரை அழைத்து, அக்கா வீட்டுப் பக்கம் களிமண்ணால் அடைத்திருந்த அந்த வாசலை நம் பக்கத்திலிருந்து சிமென்ட் வைத்துப் பூசச் சொன்னேன். களிமண் இடுக்கு வழியாகக் குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காரணம் அவ்வளவுதான். அப்பா திரும்பி வந்து ஈரம் காயாத பூச்சைத் தொட்டுப் பார்த்தார். "தூசு உதிருதுங்க, சேகருக்கு ஆகல" என்றேன். "அதுவும் சரிதான்" என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு பாலக்கரையில் வாடகைக்குப் போனார்கள். சாமான் ஏற்றிய வண்டி நின்றிருந்தது. ஸ்டெல்லா அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தார். "போயிட்டு வரேன் டீச்சர். சேகருக்கு இழுப்பு வந்தா உக்கார வச்சு முதுகத் தேச்சு விடுங்க. தனியா விட்டுடாதீங்க" என்றார். அவர் சொன்னது அது மட்டும்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு நர்ஸின் புத்திமதி.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே பார்த்திருக்கிறாய், காரணம்தான் தெரியாது. அடுத்த வருஷம் வேறொரு வீட்டாரிடம் அறையைத் திருப்பிக் கேட்டபோது, கொடுக்காமல் இருக்க அவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. "டீச்சர் வீட்டுக்குன்னா ஒரு நியாயம், எங்களுக்குன்னா ஒண்ணா?" என்று கேட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் களிமண் வாசல்களைச் சிமென்ட்டால் பூசினார்கள். கூட்டத்துக்கு ஆள் வருவது நின்றது. தனித் தனியாக அடிபம்பு போட்டார்கள். மழைத் தொட்டியை யாரும் கழுவவில்லை, கொசு வந்தது, கடைசியில் இடிபாடு கொட்டி மூடினோம். ஹால் இரண்டாகத் தடுக்கப்பட்டு இன்று ஒரு பாதியில் சைக்கிள் கடைச் சாமான்கள் கிடக்கின்றன.

பொன்மலைப் பக்கத்திலிருந்து சிலர், இதே மாதிரி நாற்பது வீடு கட்ட வேண்டும், படம் போட்டுக் கொடுங்கள் என்று அப்பாவைத் தேடி வந்தார்கள். ஏறக்குறைய முடித்து வைத்திருந்த படத்தை அவர் அவர்களிடம் காட்டவே இல்லை. "வேண்டாங்க. நான் நெனச்ச மாதிரி இது நடக்கல. உங்களையும் இழுத்து விட மாட்டேன்" என்று அனுப்பிவைத்தார். அவர்கள் போன பிறகு வெகுநேரம் வாசலில் நின்றிருந்தார். நான் உள்ளே இருந்தேன். ரிட்டயர் ஆகும் வரை அவர் மற்றவர்கள் வரைந்ததற்குப் பிரதி எடுக்கிற வேலையைத்தான் செய்தார். இடையிடையே பழைய படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "சுவர்ல தப்பா, அளவுல தப்பா, கூட்டம்னு வச்சதுல தப்பா" என்று தேடுவார். அவர் தேடியது பக்கத்து அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சுவரைத் தட்டியபோது இது அத்தனையும் எனக்குள் வந்தது. சொல்லவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு பாலக்கரைக்குப் போனேன். சர்ச் பக்கம் விசாரித்ததில், சார் காலமாகிவிட்டார், அக்கா மகளோடு உப்பிலியபுரத்தில் இருக்கிறார் என்றார்கள். பிலோமினாவின் கணவர் அங்கே வேலையாம், அவர்கள் எப்போதோ சேர்ந்துவிட்டார்கள். பஸ் பிடித்துத் துறையூர் வழியாகப் போய் இறங்கினேன். அக்கா வெளியே கட்டிலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க டீச்சர்" என்றார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உன்னைப் பற்றிக் கேட்டார். நான் நேராகச் சொல்லிவிட்டேன். "அக்கா, டாக்டர் அன்னைக்கு அப்படிச் சொல்லவே இல்ல."

"தெரியும்ங்க. நான் பக்கத்துலதானே நின்னேன்."

"அப்ப ஏன் கூட்டத்துல சொல்லல?"

அவர் கொட்டையை எடுத்து ஒரு பக்கம் போட்டார். "சொல்லியிருந்தா நீங்க அங்க எப்படிக் குடியிருப்பீங்க? உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு கல்லா சேர்த்து நிறுத்தின இடம் அது. அவர் தலகுனியணுமான்னு நெனச்சேன். அதுக்காக என்னைப் பெரிய மனுஷின்னு நெனச்சுக்காதீங்க. நான் கோவத்துலதான் போனேன். மழையில அந்தக் கொழந்தையத் தூக்கி வச்சுக்கிட்டு உங்க சுவரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அந்தக் கோவம் இன்னும் எனக்குப் போகல டீச்சர். ஆண்டவர்கிட்ட கேக்கறேன், போகமாட்டேங்குது."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டபோது, "அதெல்லாம் வேணாம்" என்று என் கையை இறக்கிவிட்டார். பஸ்ஸுக்கு எழுந்தபோது கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்காவது தெரியுமா?" இல்லை என்றேன். அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. "அட பாவமே. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சுதான் பேசாம இருக்காருன்னுல்ல இத்தனை நாளா நெனச்சேன். அவர் மேலயும்ல கோவமா இருந்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு அப்பாவிடம் சொன்னேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர், "அப்ப படத்துல தப்பில்லையா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். "தப்பில்ல" என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது சேகர். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு என் மேல் கோபம்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருஷத்தில் நான் எதை எடுத்துக்கொண்டேன் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் மறுநாள் காலையில் வந்தது. "பொன்மலைக்காரங்க வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார்.

நேற்று மட்டும் ஒன்று சொன்னார். "வீட்டுக்கு வீடு யாரும் கேக்க முடியாத ஒரு இடத்த விட்டிருக்கணும். உனக்கு ஒரு மேஜை போட எடம் வச்சிருந்தா நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டே. அதை நான் யோசிக்கல." நான் அவரை மேலே பேச விடவில்லை. "மறுபடியும் உங்க மேல எடுத்துப் போட்டுக்காதீங்க" என்றேன். அவருக்கு அது தேவையில்லை. ஆனால் உனக்கு அந்த யோசனை தேவைப்படும், எடுத்துக்கொள். ஒவ்வொரு வீட்டிலும், முக்கியமாகப் பெண்களுக்கு, கூட்டத்தில் யாரும் விவாதிக்க முடியாத நாலடி இடமாவது வை. மற்றதையெல்லாம் திறந்தே வை. யார் அறை யாருக்கு என்று பத்திரத்தில் அடைத்துவிட்டால் நீங்கள் கட்டுவது பன்னிரண்டு வீடு, அவ்வளவுதான். அதற்கு ஒன்றாகச் சேர்ந்து நிலம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வாசல் மூடியது களிமண் பலவீனமானது என்பதால் இல்லை. அது ஐந்து வருஷம் நன்றாக வேலை செய்தது. எங்களுக்காக ஸ்டெல்லா அக்கா அதைத் திறந்து கொடுத்தார். அதை நீ கண்ணால் பார்த்தாய், சின்னப் பையன் என்பதால் மறந்துவிட்டாய்.

உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது. உன் மனைவியிடம் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒரு இடம் வேண்டும் என்றால், 'எனக்கு வேண்டும்' என்றே கேட்கட்டும். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு டீச்சர், இரண்டு பிள்ளை பெற்றவள், தனக்கென்று மேஜை வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பிள்ளையின் உடம்பைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பார்கள்தான். ஆனால் அந்த ஹாலில் இருந்தவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மண் சலித்து எனக்கு ஒரு சின்ன அறை எழுப்பிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் அப்படிப்பட்டவர்கள். ஸ்டெல்லா அக்காதான் முதல் கல் எடுத்துக் கொடுத்திருப்பார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் அப்பா அங்கே வருகிறார். தனியாக வருகிறார். என்னை வா என்று கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. காலையிலிருந்து பென்சில் சீவி ஏதோ வரைந்துகொண்டிருக்கிறார். என்ன என்று எட்டிப் பார்க்கும் உரிமை எனக்கு இல்லை என்று தள்ளியே இருக்கிறேன். எழும்பூரில் போய் நின்று அவரைக் கூட்டிக்கொண்டு வா. அன்று சாயங்காலம் உன் நண்பர்கள் எல்லோரும் இருக்கட்டும், கண்ணாடி போட்ட அந்தப் பையன் கட்டாயம் இருக்கட்டும். முதலில் இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டு, ஒரு வரியும் விடாமல். பிறகு உன் படத்தை மேஜையில் விரித்து, அப்பாவை அதற்கு முன்னால் உட்காரவைத்து, அவர் சொல்வதை நீ நின்றுகொண்டு கேள்.

அம்மா